விற்க முடியாத உதவி

மரவள்ளி இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு லென்ஸை என்னிடம் நீட்டினார் மாமா. நடுநரம்பை ஒட்டி, கடுகில் பாதி அளவுக்குப் பழுப்பாக ஒரு கூடு. காய்ந்து, சற்றே உப்பியிருந்தது. அதன் ஒரு முனையில் ஊசியால் குத்தினாற்போல் வட்டமாக ஓர் ஓட்டை.

"செத்த மாவுப்பூச்சி மாப்ள இது. உள்ள இருந்து ஒண்ணு இதைத் தின்னுட்டு இந்த ஓட்டை வழியா வெளிய போயிருக்கு" என்றார். அடுத்த இலையைத் திருப்பினார். அதிலும் இரண்டு கூடுகள், இரண்டு ஓட்டைகள். குழந்தையின் பால்பல்லை எண்ணிக் காட்டுகிறவர் போல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வரப்பில் நடந்தார்.

சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். அதில் பாதிக்கு மேல் எப்போதும் மரவள்ளிதான். எங்கள் ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு. 2021 கோடையில் அவர் ஃபோனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "குருத்தெல்லாம் முட்டைக்கோசாட்டம் சுருட்டிக்கிச்சு மாப்ள. செடி மேல வளரவே மாட்டேங்குது." மருந்துக் கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். அது கேட்கவில்லை என்றதும் இன்னொன்று. பிறகு இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார்கள். மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகு படிந்திருக்கும், மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். சுருண்ட குருத்தின் மடிப்புக்குள் பதுங்கியிருப்பதை மருந்து எட்டுவதே இல்லை. அந்த வருஷம் கிழங்கு பிடுங்கி வந்த பணம் ஆள் கூலிக்கும் மருந்துக் கடைப் பாக்கிக்கும் சரியாகப் போயிற்று.

அதற்கடுத்த வருஷம்தான் இந்த ஓட்டைகளைப் போடுகிற குளவி வந்தது. அதற்காக மாமா ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. "ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்தாங்களாம்" என்பது அவருக்குத் தெரியும். அது பாதிக் கதை. மீதியைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, சின்ன நிலக்காரனுக்கு இந்தப் பெரிய உலகம் எப்போதாவது உருப்படியாக உதவியிருக்கிறதா என்று நெடுநாளாக எனக்குள் இருந்த கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது.

*

மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. அமேசான் காட்டின் தெற்கு விளிம்பில் வாழ்ந்த மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதைக் காட்டிலிருந்து கொல்லைக்குக் கொண்டுவந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இறக்கின. மழை பொய்த்தாலும் மண்ணுக்குள் காத்திருக்கும் கிழங்கு அது. அறுவடை நாள் என்று ஒன்று கிடையாது, வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம். குதிரும் களஞ்சியமும் இல்லாத வீட்டுக்கு நிலமே குதிராக இருந்தது. கப்பல் ஏறிய செடி தன் எதிரிகளில் பலவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. புது மண்ணில் பல நூறு ஆண்டுகள் ஓரளவு நிம்மதியாக வளர்ந்தது.

1973இல் அந்த நிம்மதி கலைந்தது. காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிராக நிற்கும் கின்ஷாசா, பிரஸ்ஸாவில் நகரங்களைச் சுற்றியிருந்த கொல்லைகளில் குருத்துகள் வெளுத்துச் சுருண்டன. தென் அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த நடவுக் குச்சியில் ஒட்டிக்கொண்டு ஒரு மாவுப்பூச்சி வந்திருக்க வேண்டும். 1977இல் டேனியேல் மத்தீல்-ஃபெரெரோ என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் அதை அதுவரை அறியப்படாத இனம் என்று விவரித்து, ஃபீனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். இளஞ்சிவப்பு உடம்பு, மேலே வெண்ணிற மெழுகுத்தூள். இந்த இனத்தில் பெண் பூச்சி ஆணின் துணையில்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும்; பிறப்பவையும் பெண்களே. ஒரு கண்டத்துக்குள் நுழைய ஒரே ஒரு பூச்சி போதும்.

மகசூலில் ஐந்தில் நான்கு பங்கு வரை பறிகொடுத்த வயல்கள் இருந்தன. கிழங்கோடு இழப்பு நிற்கவில்லை. மத்திய ஆப்பிரிக்காவில் மரவள்ளி இலைதான் அன்றாடக் கீரை. குருத்து போனதால் கீரை போயிற்று. தண்டு குறுகிக் கோணியதால் அடுத்த நடவுக்கு நல்ல குச்சியும் இல்லாமல் போயிற்று. இன்றைய சோறு, இன்றைய குழம்பு, நாளைய விதை மூன்றையும் ஒரே பூச்சி எடுத்துக்கொண்டது. மருந்து வாங்க அந்த மக்களிடம் காசு இல்லை. காசு இருந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பதை மாமாவின் கடைப் பாக்கி எனக்குச் சொல்லிவிட்டது.

நைஜீரியாவின் இபாதான் நகரில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1967இல் தொடங்கப்பட்டது. அங்கே 1979இல் வேலைக்கு வந்தார் ஹான்ஸ் ஹெரன், பண்ணையில் வளர்ந்த ஸ்விட்சர்லாந்து இளைஞர். அவரும் சக ஆய்வாளர்களும் எளிய கேள்வி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். தென் அமெரிக்காவில் மரவள்ளியை இந்தப் பூச்சி அழிக்கிறது என்று யாரும் அலறியதில்லையே, ஏன்? அங்கே அதை ஏதோ ஒன்று அடக்கி வைத்திருக்க வேண்டும். செடி வந்தது, அதன் பின்னால் பூச்சி வந்தது, பூச்சியின் எதிரி மட்டும் இன்னும் வரவில்லை. அதைப் போய் அழைத்துவர வேண்டும்.

தேடல் லேசில் முடியவில்லை. மெக்சிகோவிலிருந்து தெற்கு நோக்கிக் கொல்லை கொல்லையாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்வைக்கு அதேதான். ஆனால் அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைத் தொடவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது வேறு இனம். அதற்கு ஹெரனின் பெயரையே வைத்தார்கள். கடைசியில் 1981இல் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஆன்டனி பெல்லோட்டி. அவர் கொலம்பியாவின் காலி நகரத்துக்கு அருகே இருந்த இன்னொரு பன்னாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். பூச்சி இருந்த இடத்தில் அதன் எதிரியும் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி, அனாகைரஸ் லோபெசி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். காய்ந்த ஓடு மட்டும் மிஞ்சும். இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டைத் துளைத்துக்கொண்டு புதுக் குளவி வெளியேறும். மாமா எனக்குக் காட்டிய ஓட்டை அதுதான்.

இந்தக் கதையில் என்னை அதிகம் தொட்ட ஆள் வேறொருவர். அர்ஜென்டினாவின் பூச்சியியலாளர் லூயிஸ் டி சாண்டிஸ் இந்தக் குளவியை 1964லேயே விவரித்துப் பெயரிட்டுவிட்டார். அப்போது ஆப்பிரிக்காவில் இந்த மாவுப்பூச்சி இல்லை. அந்த மாவுப்பூச்சிக்கே அன்று பெயர் இல்லை. அந்தக் குளவியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. ஒரு சிற்றுயிர் இருக்கிறது, அதைச் சரியாகப் பார்த்துச் சரியாக எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் அவர் வேலை. 17 ஆண்டுகள் கழித்து இன்னொரு கண்டத்தின் பசிக்கு அந்தக் குறிப்பு உதவியது.

பராகுவேயிலிருந்து குளவிகள் பிரிட்டனுக்குப் போய்த் தனிமைக் கூண்டுகளில் சோதிக்கப்பட்டு, பிறகு இபாதானுக்கு வந்தன. அதே 1981இன் இறுதியில் தென்மேற்கு நைஜீரியாவில் முதல் முறையாக வெளியே விடப்பட்டன. வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியமும் ஐரோப்பிய நாடுகள் பலவும் பணம் கொடுத்தன. குளவிகளைப் பெருக்கினார்கள், கிராமம் கிராமமாக விட்டார்கள், சில இடங்களில் விமானத்திலிருந்தும் விட்டார்கள். சஹாராவுக்குத் தெற்கே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குளவி நிலைகொண்டது. மரவள்ளி மீண்டது. செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பயன் என்று 1988இல் பொருளியலாளர் ரிச்சர்ட் நார்கார்ட் கணக்கிட்டார். ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

*

2008இல் அதே மாவுப்பூச்சி தாய்லாந்தில் தலைகாட்டியது. மறு ஆண்டே பெனின் நாட்டிலிருந்து குளவிகள் போயின. இபாதான் நிறுவனத்தின் உயிரியல் கட்டுப்பாட்டு மையம் அங்கேதான் இருக்கிறது. 2008இல் நம் கோயம்புத்தூரிலும் ஒரு புது மாவுப்பூச்சி வந்தது. அது வேறு இனம், பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கண்டதிலெல்லாம் ஏறியது. அதை அடையாளம் கண்டு எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்து ஆர். முனியப்பன். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதற்குரிய குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அங்கிருந்து தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்குப் பரவின. பப்பாளி தப்பித்தது. தப்பித்த பிறகு அந்தச் செய்தி ஊர் நினைவில் தங்கவில்லை.

ஆனால் ஆய்வாளர்களிடம் அந்த அனுபவம் இருந்தது. அதனால் 2020இல் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவியபோது, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021இல் பெனினிலிருந்து குளவியை வரவழைத்தது. பூட்டிய கூடத்தில் வளர்த்து, இங்குள்ள நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீங்கு வருமா என்று பார்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள்.

பராகுவே, பிரிட்டன், இபாதான், பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். நாற்பது வருஷப் பயணம். இதில் இன்னொரு பொருத்தம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றதால்தான் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி திரட்டும் தொழிலே பிறந்தது. அந்தத் தொழிலுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் பதிவானது 1981இல். சேலத்தில் ஜவ்வரிசிக்கு ஒரு சங்கம் கூடிய அதே ஆண்டு, பராகுவேயின் ஏதோ ஒரு கொல்லையில் யாரோ ஒருவர் குனிந்து இலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவருக்கும் இங்கே இருந்தவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

*

இந்தக் குளவியை யாராலும் விற்க முடியாது. இந்தக் கதை எனக்குச் சொன்னதில் முக்கியமானது இதுதான்.

மருந்துப் புட்டியை விற்கலாம். அது தீரும், மறுபடி வாங்க வேண்டும். வீரிய விதையை விற்கலாம். அடுத்த பட்டத்துக்கு மறுபடி கடைக்குப் போக வேண்டும். குளவியோ ஒருமுறை விட்டால் தானே பெருகும். வேலி தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குப் போகும். காசு கொடுத்தவன் காடு, கொடுக்காதவன் காடு என்று அதற்குத் தெரியாது. அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அதன் தேவை குறைந்துபோகும். இப்படிப்பட்ட ஒன்றில் முதல் போட எந்தக் கம்பெனிக்கும் காரணம் கிடையாது. பல நாடுகளின் மக்கள் வரிப்பணத்திலும், அவர்கள் ஒருவரையொருவர் நம்புவதிலும்தான் இது நடக்க முடியும்.

சின்ன விவசாயிக்கென்று சொல்லிக்கொண்டு வரும் புதுமைகளில் பல, அவனை முதலில் வாடிக்கையாளனாக்குகின்றன. முதல் தவணை, கருவி, செயலி, சந்தா. இரண்டு ஏக்கருக்குக் கட்டுப்படியாகாத ஒன்றைக் கொண்டுவந்துவிட்டு, அவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அறிக்கை எழுதுகிறோம். குளவிக்கு இரண்டு ஏக்கரும் இருபது ஏக்கரும் ஒன்று. அது மாமாவிடம் பணம் கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை. பொறுமை ஒன்றை மட்டும் கேட்டது. மருந்து அடித்தால் குளவி செத்துவிடும் என்று ஏத்தாப்பூர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். செடியில் பூச்சி தெரியும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எளிதா? அத்தை ராத்திரியெல்லாம் புலம்பினாராம். பக்கத்துக் காட்டுக்காரரிடம் மாமா நாலு தடவை நடந்துபோய்ப் பேசியிருக்கிறார், அவரும் அடிக்காமல் இருக்க வேண்டுமே என்று. குடிமராமத்துக் காலத்தில் ஏரிக்கு ஊரே மண்வெட்டியோடு போனது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கியது. தன் வயலுக்கு முன்னால் இருக்கும் வாய்க்காலை மட்டும் ஒருவன் தூர்வாரித் தண்ணீர் கொண்டுவர முடியாது.

பொதுவில் நடக்கும் நல்ல காரியத்துக்கு ஒரு சாபம் உண்டு. அது பலித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வராத பஞ்சத்தை யார் படம் எடுப்பது? காப்பாற்றப்பட்ட செடி மற்ற செடிகளைப் போலவே நிற்கும். நிதி ஒதுக்குகிற மேஜைக்கு இந்த ஆராய்ச்சி நிலையங்களின் கணக்கு வரும்போது, அவற்றால் என்ன பயன் என்ற கேள்வி எழுவது அதனால்தான். டி சாண்டிஸின் 1964ஆம் வருஷத்துக் குறிப்பை நினைக்கும்போது, இன்று எந்தெந்த மேஜைகளில் எந்தெந்தக் குறிப்புகள் எழுதப்படாமலே போகின்றன என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

*

பராகுவேக்கு நாம் என்ன கொடுத்தோம்? செடி அந்தக் கண்டத்து மக்களின் உழைப்பு. பராகுவேயில் குவாரனி மொழி பேசுகிறவர்கள் இன்றும் மரவள்ளியை மண்டியோ என்கிறார்கள். குளவி அவர்கள் மண்ணின் உயிர். பட்டினியிலிருந்து மீண்ட ஆப்பிரிக்க வீடுகளும் என் மாமாவும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

1992இன் பல்லுயிர் உடன்படிக்கையும் 2010இன் நகோயா நெறிமுறையும் இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தன. ஒரு நாட்டின் உயிர் வளத்தை எடுப்பவர் அனுமதி கேட்க வேண்டும், பயனில் பங்கு தர வேண்டும். நியாயமான சட்டம். மஞ்சளுக்கும் வேம்புக்கும் அயல்நாட்டில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்று போராடி மீட்ட நாம் இதன் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் லாபமே இல்லாத ஒரு குளவிக்கும் லாபம் கொழிக்கும் ஒரு மருந்து மூலிகைக்கும் ஒரே படிவம், ஒரே காத்திருப்பு என்றால், மாவுப்பூச்சி அந்த அனுமதிக்குக் காத்திருக்காது. விற்பனைக்குப் போகும் பொருளுக்குக் கதவில் கணக்கர் உட்காரட்டும். விற்க முடியாத உதவிக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது என் துணிவு.

அப்படித் திறந்திருந்த கதவு வழியாக நாமும் கொடுத்திருக்கிறோம். 1980களில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாமரங்களை ஒரு மாவுப்பூச்சி பிடித்தது. அது நம் பக்கத்துப் பூச்சி. அதன் எதிரியான குளவியை இந்தியாவிலிருந்து கொண்டுபோய் 1987இல் டோகோ நாட்டில் விட்டார்கள். மாமரங்கள் பிழைத்தன. பராகுவேயிலிருந்து வாங்கினோம், டோகோவுக்குக் கொடுத்தோம். வாங்கியவரிடமே திருப்பிக் கொடுக்காமல் அடுத்து கேட்பவருக்குக் கொடுத்துக் கழிக்கிற கடன் இது. நம் ஊரில் மொய்ப் பணத்துக்கு நோட்டு உண்டு. பசித்தவனுக்குப் போட்ட சோற்றுக்கு நோட்டு கிடையாது.

எல்லா உயிரையும் கண்ணை மூடிக்கொண்டு கடல் கடத்தலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி 1935இல் ஆஸ்திரேலியாவில் விட்ட தேரை, வண்டை விட்டுவிட்டு மற்ற உயிர்களுக்கெல்லாம் எமனாயிற்று. கிடைத்ததைத் தின்னும் தேரைக்கும், மாவுப்பூச்சியைத் தவிர வேறெதிலும் குஞ்சு பொரிக்காத குளவிக்கும் உள்ள தூரத்தை அளப்பதற்குத்தான் அந்தப் பூட்டிய கூடங்களும் மாதக்கணக்கான சோதனைகளும். கொடுக்கும் மனது எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை அந்தக் கவனம்.

மாமாவின் துயரம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மரவள்ளித் தேமல் நோய் இன்னும் இருக்கிறது. ஆலையில் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை போடும்போது அவர் வாயைத் திறக்க முடிவதில்லை. கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த மேடுகளில் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளிக்கு மாறியது. விலை விழுந்த வருஷங்களில் அங்கே வீட்டில் உண்ணத் தானியமும் இல்லை. செடியைக் காப்பாற்றுவது ஆராய்ச்சியால் முடியும். செடியை நட்டவரைக் காப்பாற்ற விலையும் சந்தையும் ஆட்சியும் நேர்மையாக இருக்க வேண்டும். அந்த வேலையைக் குளவியின் தலையில் கட்டக் கூடாது.

*

போன தையில் கிழங்கு பிடுங்கும்போது போயிருந்தேன். களத்து மேட்டில் அடுத்த நடவுக்கான குச்சிகளை நிழலில் நிறுத்திக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வண்டியில் வந்தார். முந்தின வருஷம் வறட்சியில் அவர் குச்சி முழுக்கக் காய்ந்துவிட்டதாம். "ரெண்டு கட்டு குடுங்கண்ணா" என்றார். மாமா விலை பேசவில்லை. குச்சி கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் தாத்தா காலத்து வழக்கம். அந்த வழக்கத்தின் வழியாகத்தான் இந்தச் செடி ஊர் ஊராகப் போயிற்று. அதே வழியாகத்தான் பூச்சியும் போயிற்று.

கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கயிற்றை அவிழ்த்தார். ஒவ்வொரு குச்சியாக எடுத்து, கணுக்களைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். வெளுப்பு தெரிந்த நான்கைந்தைத் தனியே எறிந்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு குச்சியை வெயிலுக்குக் காட்டி வெகுநேரம் பார்த்தார். வந்தவர் பொறுமையாக வண்டியில் சாய்ந்து நின்றார்.

"இந்தா, இது சுத்தம். நட்டுட்டு பூச்சி தெரிஞ்சா உடனே மருந்தைத் தூக்கிடாதே. எனக்கு ஒரு ஃபோன் போடு, வந்து பாக்கறேன்" என்று சொல்லி, கட்டை மறுபடி இறுக்கி அவர் வண்டியில் வைத்தார்.